பத்தாயிரம் யூரோவுக்குக் கிடைத்த காகிதங்கள்

2007 டிசம்பர் 20 அன்று மைக்ரோசாப்ட் ஒரு சிறிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. எதிர்த்தரப்பு, புரோட்டோகால் ஃப்ரீடம் இன்ஃபர்மேஷன் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு. இந்த ஒரு வேலைக்காகவே தொடங்கப்பட்டது. கைமாறிய தொகை 10,000 யூரோ, ஒரே தடவை. அதற்கு ஈடாக, விண்டோஸ் கணினிகளும் விண்டோஸ் சர்வர்களும் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதை விளக்கும் ஆவணங்கள், விண்டோஸ் அல்லாத சர்வரையும் விண்டோஸ் கணினிகளோடு பேசவைக்கும் சாம்பா என்ற கட்டற்ற மென்பொருளை எழுதுபவர்களின் கைக்குப் போயின. இந்த விவரங்களைத் தராததற்காக ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்கில் மைக்ரோசாப்ட் கட்ட நேர்ந்த அபராதங்களைக் கூட்டினால் 160 கோடி யூரோவைத் தாண்டும். பத்திரிகைகள் அபராதத்தைத்தான் கொட்டை எழுத்தில் போட்டன. ஆனால் சர்வர் அறையில் எதையாவது மாற்றியது இந்தப் பத்தாயிரம்தான் என்பது என் கட்சி.

மென்பொருள் ஏகபோகம் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது மூலநிரல், அதாவது நிரலாளர் எழுதிய அசல் வரிகள். அதை ஒளித்து வைத்திருப்பதால்தான் யாரும் போட்டிக்கு வர முடியவில்லை என்று நினைக்கிறோம். 1990களில் சன், நாவெல், ஐபிஎம் போன்ற போட்டி நிறுவனங்கள் எல்லோரிடமும் சொந்தமாக நல்ல சர்வர் மென்பொருள் இருந்தது. மைக்ரோசாப்டின் நிரல் அவர்களுக்குத் தேவையே இல்லை. அலுவலக மேசையில் உட்கார்ந்திருக்கும் விண்டோஸ் கணினி தங்கள் சர்வரிடம் என்ன கேட்கும், பதிலை எந்த வடிவத்தில் எதிர்பார்க்கும் என்ற விவரம்தான் தேவைப்பட்டது. அதைக் கொடுக்காமல் இருந்தாலே போதும், மேசைக் கணினியில் இருக்கும் ஏகபோகம் நடந்தே சர்வர் அறைக்கும் போய்விடும். சிறு குழுக்களுக்கான சர்வர் சந்தையில் மைக்ரோசாப்டின் பங்கு 60 சதவீதத்துக்குக் குறையாது என்று 2004-ல் ஐரோப்பிய ஆணையம் கணக்கிட்டது.

கம்பியில் என்ன ஓடுகிறது

காலையில் ஒருவர் அலுவலகக் கணினியில் கடவுச்சொல்லை அடிக்கிறார். ஆக்டிவ் டைரக்டரி (பயனர்கள், கணினிகள் எல்லாவற்றின் விவரத்தையும் வைத்திருக்கும் மைக்ரோசாப்டின் பதிவேடு) உள்ள நெட்வொர்க்கில், அடுத்த சில விநாடிகளில் இவ்வளவும் நடக்கும். இந்த டொமைனுக்கு (ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள கணினிக் கூட்டத்துக்கு) டொமைன் கன்ட்ரோலர், அதாவது பயனர்களைச் சரிபார்க்கும் சர்வர், எது என்று கணினி முதலில் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். பெயர் கிடைத்ததும் 389-ஆம் போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) ஒரு சின்ன எல்டாப் கேள்வி, அதாவது பதிவேட்டைப் படிக்கும் மொழியில் ஒரு கேள்வி, போகும்: நீ உயிரோடு இருக்கிறாயா, எந்தக் கிளையைச் சேர்ந்தவன்? பிறகு 88-ஆம் போர்ட்டில், ஆளைச் சரிபார்க்கும் கெர்பரோஸ். கடவுச்சொல்லிலிருந்து உருவான சாவியைக் கொண்டு இப்போதைய நேரத்தை மறையாக்கி அனுப்பினால், வழக்கமாகப் பத்து மணி நேரம் செல்லுபடியாகும் டிக்கெட் ஒன்று வரும். அடுத்து 445-ஆம் போர்ட்டில், கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி வழியாக 'சிஸ்வால்' என்ற பகிர்வைத் திறந்து, அலுவலகத்தின் கொள்கைக் கோப்புகளைப் படித்துக்கொள்ளும். நடுநடுவே 135-ஆம் போர்ட்டில் தொடங்கி வேறு போர்ட்டுகளுக்குத் தாவும் ஆர்பிசி அழைப்புகள், அதாவது இன்னொரு கணினியில் உள்ள செயலை இங்கிருந்தே இயக்கும் அழைப்புகள்.

இதில் எது ரகசியம்? டிஎன்எஸ், எல்டாப், கெர்பரோஸ் மூன்றும் யாரும் படிக்கக்கூடிய பொதுத் தரங்கள். எஸ்எம்பி 1980களில் ஐபிஎம்மில் பிறந்தது. ரகசியம் இருந்தது, பொதுத் தரத்தில் காலியாக விடப்பட்ட இடங்களில்.

கெர்பரோஸ் டிக்கெட்டில் 'அங்கீகாரத் தரவு' என்று ஒரு புலம் உண்டு. அதில் எதை வைப்பது என்பதை 1993-ல் வந்த தரம் அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்தது. விண்டோஸ் 2000 அங்கே 'பேக்' என்ற தொகுப்பை வைத்தது. பயனரின் பாதுகாப்பு எண், அவர் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்ற பட்டியல், இவை திருத்தப்படவில்லை என்பதற்கு இரண்டு கையொப்பங்கள்: ஒன்று சேவையின் சாவியால், இன்னொன்று டிக்கெட் கொடுக்கும் சர்வரின் சாவியால். யூனிக்ஸ் கெர்பரோஸ் சர்வர் கொடுக்கும் டிக்கெட்டில் இந்தத் தொகுப்பு இருக்காது. ஆகவே விண்டோஸ் கோப்பு சர்வருக்கு வந்திருப்பவர் யார் என்பது தெரியும், அவர் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பது தெரியாது. கதவுவரை கூட்டிவந்து நிறுத்திவிடும் டிக்கெட் அது.

எதிர்ப்பு கிளம்பியதும், 2000 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் இந்தத் தொகுப்பின் அமைப்பை வெளியிட்டது. வெளியிட்ட விதம் அழகு. தானே விரியும் கோப்பு ஒன்று. திறந்தால் முதலில் ஒரு ஒப்பந்தம் வரும்: இது வணிக ரகசியம், படித்துப் பார்க்கலாம், இதைக் கொண்டு எதையும் எழுதக் கூடாது. ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்காமலே ஜிப் நிரலில் அந்தக் கோப்பைப் பிரித்துவிடலாம் என்று ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் சிலர் எழுத, அந்தப் பதிவுகளை நீக்கச் சொல்லி மே மாதம் மைக்ரோசாப்டிடமிருந்து கடிதம் வந்தது. ஊருக்கே தெரிந்த ஆவணம், ஆனால் படித்தவர் கையைக் கட்டிப்போடும் ஆவணம்.

ஒட்டுக் கேட்டு எழுதியவர்கள்

ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1992 வாக்கில் சாம்பாவைத் தொடங்கினார். ஆவணம் எதுவும் கையில் இல்லை. கம்பியில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்து, கேள்வியையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருள் கண்டார். பிரெஞ்சு தெரியாதவன் பிரான்சில் ஓர் உணவு விடுதியில் உட்கார்ந்து, யார் என்ன கேட்டால் பரிமாறுபவர் என்ன கொண்டுவருகிறார் என்று பார்த்துப் பார்த்து மொழி கற்றுக்கொள்வது போல என்று அவரே இதை விளக்கியிருக்கிறார்.

பார்த்துக்கொண்டே இருப்பதில் ஒரு வரம்பு உண்டு. யாரும் கேட்காத கேள்வியின் பதில் காதில் விழாது. அதனால் அடுத்த கட்டமாகக் கேள்விகளை இவர்களே உருவாக்கிக் கேட்டார்கள். எஸ்எம்பியில் ஒரு கோப்பைப் பற்றிய விவரம் கேட்கும் கட்டளைக்கு 'எந்த வகை விவரம்' என்று 16 பிட் எண் ஒன்று சேர்த்து அனுப்ப வேண்டும். அதாவது 65,536 சாத்தியங்கள். ஒரு நிரல் அத்தனையையும் வரிசையாக விண்டோஸ் சர்வருக்கு அனுப்பும். 'அப்படி ஒன்று இல்லை' என்று வந்தால் அடுத்த எண். 'நீளம் தவறு' என்று வந்தால் மாட்டிக்கொண்டது: அங்கே ஏதோ இருக்கிறது. இனி நீளத்தை ஒவ்வொரு பைட்டாகக் கூட்டிப் பார்த்தால் போதும், பூட்டு திறந்துவிடும். இன்றைக்கும் சாம்பாவோடு வரும் சோதனைத் தொகுப்பில் இந்த முறையின் வாரிசுகள் உண்டு.

கோப்புப் பகிர்வுக்கும் அச்சுப்பொறிப் பகிர்வுக்கும் இது போதுமானதாக இருந்தது. ஆக்டிவ் டைரக்டரி வந்த பிறகு போதவில்லை. ஒரு டொமைன் கன்ட்ரோலர் இன்னொன்றுக்குத் தரவுத்தளத்தை நகலெடுத்துக் கொடுக்கும் உரையாடல் மறையாக்கப்பட்டது, சுருக்கப்பட்டது, ஒவ்வொரு பண்புக்கும் தனித்தனி விதிகள் கொண்டது. அதைவிடப் பெரிய சிக்கல், தவறினால் என்ன ஆகும் என்பது. கோப்பு சர்வரில் தவறாக ஊகித்தால் ஒரு கோப்பு திறக்காமல் போகும். டைரக்டரியில் தவறாக ஊகித்தால், அந்தத் தவறு அலுவலகத்தின் மற்ற எல்லா கன்ட்ரோலர்களுக்கும் நகலாகிவிடும். ஊகத்தை நம்பி எந்த நிர்வாகியும் அதைத் தன் நெட்வொர்க்கில் சேர்க்க மாட்டார்.

பிரஸ்ஸல்ஸ்

1998 செப்டம்பர் 15 அன்று சன் நிறுவனம் இந்த விவரங்களைக் கேட்டு மைக்ரோசாப்டுக்குக் கடிதம் எழுதியது. அக்டோபர் 6-ல் வந்த பதில் திருப்தி தரவில்லை. டிசம்பர் 10-ல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் போனது. ஆணையத்தின் தீர்ப்பு 2004 மார்ச் 24-ல். இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் அலுவலகங்கள் விண்டோஸ் 2000-க்கும் அடுத்த பதிப்புக்கும் மாறி முடித்திருந்தன. போட்டிச் சட்டத்தின் தீராத நோய் இது. நோயாளி எழுந்து நடந்துபோன பிறகோ இறந்த பிறகோதான் மருந்து வரும்.

ஆணையம் மூன்று செய்தது. 49.7 கோடி யூரோ அபராதம். மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸ் ஒன்றையும் விற்க வேண்டும் என்ற உத்தரவு. சர்வர்கள் பேசிக்கொள்ளும் நெறிமுறைகளின், அதாவது அந்தப் பேச்சின் விதிகளின், முழுமையான, துல்லியமான விவரக்குறிப்பைப் போட்டியாளர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு. நடுவில் உள்ளதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீடியா பிளேயர் உள்ள விண்டோஸும் இல்லாத விண்டோஸும் ஒரே விலைக்குக் கடையில் கிடைத்தால் யார் குறைவானதை வாங்குவார்கள்? வாங்கவில்லை.

மூன்றாவதில்தான் 'யோசனைக்கு உரிமையாளர் யார்' என்ற கேள்வி முழுசாக வந்து நின்றது. இது எங்கள் அறிவுச் சொத்து, காப்புரிமையும் வணிக ரகசியமும் இதில் உள்ளன, எங்கள் உழைப்பைப் போட்டியாளருக்குத் தூக்கிக் கொடு என்று சட்டம் சொல்ல முடியாது என்பது மைக்ரோசாப்டின் வாதம். சொத்து என்பதற்காக மட்டும் மறுத்துவிட முடியாது என்பதற்கு ஐரோப்பாவில் ஏற்கெனவே முன்னுதாரணம் இருந்தது. 1995-ன் மேகில் வழக்கில், வாராந்திரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பட்டியலைத் தங்கள் பதிப்புரிமை என்று சொல்லித் தர மறுத்த ஒளிபரப்பாளர்கள் தோற்றார்கள். அந்த வழிவந்த தீர்ப்புகள் வைக்கும் சோதனை கடுமையானது. கேட்கப்படுவது இல்லாமல் தொழிலே நடத்த முடியாது என்றிருக்க வேண்டும். மறுப்பதால் போட்டியே அழிய வேண்டும். நுகர்வோர் விரும்பும் புதிய பொருள் ஒன்று வராமல் தடைபட வேண்டும். மறுப்புக்கு நியாயமான காரணம் இருக்கக் கூடாது.

ஆணையம் ஒரு கோட்டைக் கவனமாகப் போட்டது. மூலநிரலைக் கேட்கவில்லை, இடைமுக விவரக்குறிப்பை மட்டும் கேட்டது. ஒரே விவரக்குறிப்பை வைத்து இரண்டு பேர் முற்றிலும் வேறான இரண்டு நிரல்களை எழுதலாம். எழுதிய நிரல் அவரவருடையது. பேச்சின் விதிகள் மட்டும் பொது.

கொடுத்தும் கொடுக்காமல்

உத்தரவு வந்தும் ஆவணம் வரவில்லை. வந்தபோது படிக்க முடியவில்லை. இதைக் கண்காணிக்க, மைக்ரோசாப்டே கொடுத்த பெயர்களிலிருந்து நீல் பாரெட் என்ற கணினி நிபுணரை ஆணையம் 2005-ல் நியமித்தது. இந்த ஆவணத்தை வைத்துக்கொண்டு எந்த நிரலாளரும் ஒரு வேலையையும் செய்ய முடியாது என்று அவர் அறிக்கை கொடுத்தார்.

இதில் முழுக்கக் கெட்ட எண்ணத்தை மட்டும் பார்ப்பது தவறு. பல நெறிமுறைகளுக்கு ஆவணமே இருந்திருக்காது. நிரல் எப்படி நடந்துகொள்கிறதோ அதுதான் விதி. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தி, பழைய பதிப்போடு ஒத்துப்போக மூன்றாமவர் ஒரு விதிவிலக்கைச் சேர்த்து, பதினைந்து ஆண்டு ஓடிய நிரலிலிருந்து ஆவணத்தைப் பின்னோக்கி எழுதுவது உண்மையிலேயே கடினம். ஆனால் அந்தக் கடினத்தைக் காரணமாகச் சொல்லிக் காலம் கடத்தினால் லாபம் யாருக்கு என்பதும் தெரிந்ததுதான். 2005 டிசம்பர் 16 முதல் 2006 ஜூன் 20 வரை நாளுக்கு 15 லட்சம் யூரோ வீதம், 28.05 கோடி யூரோ தாமத அபராதம் விழுந்தது.

இதற்கு நடுவே 2006 ஜனவரியில் மைக்ரோசாப்ட் ஒரு தாராளமான சலுகையை அறிவித்தது: ஆவணம் புரியவில்லையா, மூலநிரலையே பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டதைவிட அதிகமாகக் கொடுப்பதுபோல் தெரியும். சாம்பா குழுவுக்கு அது விஷம். அந்த நிரலைப் பார்த்த ஒருவர் நாளை எழுதும் ஒவ்வொரு வரியையும் 'எங்களுடையதைப் பார்த்து எழுதியது' என்று நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். இதற்குப் பயந்தே கட்டற்ற மென்பொருள் குழுக்கள் பல இப்படிப் பார்த்தவர்களின் பங்களிப்பை ஏற்பதில்லை. அதோடு, நிரல் என்பது விவரக்குறிப்பு ஆகாது. ஒரு புலத்தில் 3 என்ற எண் வந்தால் நிரல் என்ன செய்கிறது என்பதை நிரலில் பார்க்கலாம். அது விதியா, அன்றைக்கு எழுதியவரின் கைத்தவறா என்பதைப் பார்க்க முடியாது.

அடுத்த தடை விலை. காப்புரிமையும் சேர்ந்த உரிமத்துக்கு, உரிமம் வாங்குபவரின் பொருள் வருவாயில் 3.87 சதவீதம். விவரம் மட்டும் என்றால் 2.98 சதவீதம். 2007 மே மாதம் ஐரோப்பாவுக்குள் மட்டும் 0.7, 0.5 என்று குறைந்தது. பெரிய நிறுவனத்துக்கு இது பேரம் பேசக்கூடிய தொகை. கட்டற்ற மென்பொருளுக்கு 0.5 சதவீதமும் 50 சதவீதமும் ஒன்றுதான். யார் எத்தனை பிரதி எடுக்கிறார்கள் என்று எண்ண ஆளில்லை, எண்ணவும் கூடாது. பிரதிக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டிய எதையும், யாரும் தடையின்றி நகலெடுத்துப் பரப்பலாம் என்று சொல்லும் சாம்பாவின் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வெளியிடவே முடியாது. ஆக, 'நியாயமான, பாகுபாடற்ற' கட்டணம் என்ற நல்ல வார்த்தைகள், சர்வர் சந்தையில் மிஞ்சியிருந்த ஒரே உண்மையான போட்டியாளரை மட்டும் துல்லியமாக வெளியே வைத்தன. அமெரிக்காவிலும் இதேதான் நடந்தது. அங்கே 2002-ல் முடிந்த வழக்கின் உத்தரவுப்படி மைக்ரோசாப்ட் நெறிமுறை உரிமத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கட்டணமும் ரகசிய விதிகளும் சேர்ந்து அந்தத் திட்டம் சாம்பாவுக்கு ஒரு உபயோகமும் இல்லாமல் போனது.

இதே சமயத்தில் வழக்கில் கூட நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். 2004 ஏப்ரலில் சன், மைக்ரோசாப்டோடு 195 கோடி டாலருக்கு சமரசம். நவம்பரில் நாவெல், 53.6 கோடி டாலர். 2005 அக்டோபரில், போட்டி மீடியா பிளேயர் தயாரித்த ரியல்நெட்வொர்க்ஸ், 76.1 கோடி டாலர். புகார் கொடுத்தவர் பணம் வாங்கிக்கொண்டு போனால் சாட்சியும் கூடவே போய்விடும். வழக்கின் தொழில்நுட்ப விவரங்களை நீதிபதிகளுக்கு விளக்க ஆள் இருக்காது. கடைசிவரை நின்றவர்களில் ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் அதன் பக்கம் சாம்பா குழுவும் முக்கியம். அவர்களை விலைக்கு வாங்க வழியில்லை, ஏனென்றால் விற்க அவர்களிடம் நிறுவனம் என்று ஒன்று இல்லை.

ஆணையத்தின் தீர்ப்பை எதிர்த்து மைக்ரோசாப்ட் லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. 2006 ஏப்ரலில் அங்கே 13 நீதிபதிகள் முன்னால் விசாரணை. டொமைன் கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் ஒரு 'நீலக் குமிழி'. அதன் உள்ளே நடப்பது ஒரே இயந்திரத்தின் பாகங்கள் பேசிக்கொள்வது. வெளி ஆள் அதற்குள் வர முடியாது, வந்தால் நிரலையே நகலெடுத்ததாகும் என்று மைக்ரோசாப்ட் வாதிட்டது. டிரிட்ஜெல் நேரில் வந்து விளக்கம் கொடுத்தார். குமிழிக்குள் இருப்பதும் நெறிமுறைதான், எழுதி வைக்கக்கூடிய விதிகள்தான் என்பது இந்தத் தரப்பின் பதில். 2007 செப்டம்பர் 17-ல் வந்த தீர்ப்பு ஆணையத்தின் பக்கம். 'புதிய பொருள்' தடைபட்டதா என்ற சோதனையை, தொழில்நுட்ப வளர்ச்சி தடைபட்டதா என்று நீதிமன்றம் கொஞ்சம் அகலப்படுத்தியது. ஒரு விஷயத்தில் மட்டும் ஆணையம் தோற்றது: மைக்ரோசாப்டின் செலவில் அப்படியொரு கண்காணிப்பாளரை வைக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லையாம்.

மைக்ரோசாப்ட் மேல்முறையீடு செய்யவில்லை. அக்டோபரில் கட்டணம் மாறியது. விவரத்துக்கு 10,000 யூரோ, ஒரே தடவை. காப்புரிமை வேண்டுமென்றால் தனியாக 0.4 சதவீதம்.

ஒப்பந்தத்தின் உள்ளே

டிசம்பர் ஒப்பந்தத்தைப் போட்டிச் சட்டம் படிப்பவர்கள் வரிவரியாகப் படிக்க வேண்டும். இதன் திறமை முழுக்க, எதை ரகசியமாக வைப்பது, எதை வைக்காமல் விடுவது என்ற பிரிவில் இருக்கிறது. ஆவணம் ரகசியம். ஃபவுண்டேஷனிடம் ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்ட நிரலாளர்கள் மட்டும் படிக்கலாம். ஆனால் படித்து எழுதும் நிரலை எந்தத் தடையும் இல்லாமல் உலகுக்கு வெளியிடலாம். கட்டணத்தை நிரலாளர்களோ பயனர்களோ கட்டுவதில்லை. ஃபவுண்டேஷன் ஒரு தடவை கட்டியதோடு சரி. பிரதிக் கணக்கு கிடையாது.

காப்புரிமை தரப்படவில்லை. அதை வாங்கினால் 0.4 சதவீதக் கணக்கு வந்துவிடும், ஜிபிஎல் உடைந்துவிடும். அதற்குப் பதில், இந்த நெறிமுறைகளைத் தொடும் காப்புரிமைகளின் பட்டியலை எண்ணோடு கொடுக்க வேண்டும் என்ற விதி. இதன் மதிப்பு அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். 'நீங்கள் எங்கள் காப்புரிமைகளை மீறுகிறீர்கள்' என்று எண் சொல்லாமல் மிரட்டுவதுதான் அந்த ஆண்டுகளின் வழக்கம். பட்டியல் கையில் இருந்தால் அச்சத்துக்கு எல்லை வந்துவிடும். ஒவ்வொன்றாக எடுத்து, இதைச் சுற்றிப்போக வேறு வழி உண்டா என்று பார்க்கலாம்.

கடைசியாக, ஆவணத்தில் பிழை இருந்தால் திருத்தித் தர வேண்டும், புதுப் பதிப்பு வந்தால் புதுப்பிக்க வேண்டும். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் அடுத்த விண்டோஸ் வரும்வரைதான்.

2008 பிப்ரவரி 21-ல் மைக்ரோசாப்ட் நெறிமுறை ஆவணங்கள் 30,000 பக்கத்தை எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் போட ஆரம்பித்தது. ஆறு நாள் கழித்து, 2007 அக்டோபர்வரை அநியாய விலை கேட்டதற்காக 89.9 கோடி யூரோ அபராதம் வந்தது. 2012-ல் நீதிமன்றம் அதை 86 கோடியாகக் குறைத்தது.

ஆவணம் வந்ததும் நிரல் வந்துவிடவில்லை. ஆக்டிவ் டைரக்டரி கன்ட்ரோலராக ஓடக்கூடிய சாம்பா 4.0 வெளிவந்தது 2012 டிசம்பரில். ஐந்து ஆண்டு. ஆவணப்படி எழுதிய சோதனையை உண்மையான விண்டோஸ் மீது ஓட்டுவது, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஆவணத்தில் பிழை என்று மைக்ரோசாப்டுக்கு எழுதுவது, அவர்கள் திருத்துவது. இதற்காக மைக்ரோசாப்டின் ஊரிலேயே இருதரப்புப் பொறியாளர்களும் உட்கார்ந்து சோதித்தார்கள். 2011-ல் மைக்ரோசாப்ட் ஊழியர் ஒருவரிடமிருந்தே ஜிபிஎல் உரிமத்தில் சாம்பாவுக்கு ஒரு நிரல் திருத்தம் வந்தது.

இன்றைக்கு ஒரு சிறு அலுவலகம் சாம்பாவை டொமைன் கன்ட்ரோலராக வைக்கலாம். இடறும் இடங்கள் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். கணினிகளின் டிஎன்எஸ் முகவரி கன்ட்ரோலரையே காட்ட வேண்டும். ரவுட்டரைக் காட்டினால் டொமைனே கண்ணில் படாது. கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. இரண்டு கன்ட்ரோலர் வைத்தால் டைரக்டரி தானாக நகலாகும், ஆனால் சிஸ்வால் கோப்புகள் நகலாகாது. அதற்கான நெறிமுறையை சாம்பா இன்னும் எழுதவில்லை, ஆர்சிங்க் போன்ற கருவியால் நாமே ஒரு திசையில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். ஒத்துப்போவதற்கு விலையும் உண்டு. 2020-ல் வெளிப்பட்ட ஜீரோலாகன் என்ற பாதுகாப்பு ஓட்டை நெறிமுறையின் வடிவமைப்பிலேயே இருந்தது, ஆகவே விதியை அப்படியே பின்பற்றிய சாம்பாவும் மாட்டியிருக்கும். 4.8 பதிப்பு முதல் பாதுகாப்பான அமைப்பு இயல்பாகவே இயங்கியதால் பெரும்பாலோர் தப்பினார்கள்.

காப்புரிமை என்ற மிச்சம்

ரகசியம் திறந்த பிறகும் காப்புரிமை வேறு பாதையில் வந்தது. 2009 பிப்ரவரியில் வழிகாட்டிக் கருவிகள் தயாரிக்கும் டாம்டாம் மீது மைக்ரோசாப்ட் வழக்குப் போட்டது. அதில் ஃபேட் கோப்பு முறைமையின் (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் மைக்ரோசாப்டின் முறை) நீண்ட பெயர்கள் பற்றிய காப்புரிமைகளும் அடக்கம். மார்ச்சில் சமரசம். கேமரா அட்டை, பென்டிரைவ் எல்லாம் ஃபேட் என்பதால், கருவி செய்பவர் அதைத் தவிர்க்கவே முடியாது. தரம் குறைந்த யோசனைக்கும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்பதாலேயே விலை ஏறுவது இப்படித்தான்.

ஒரு கோப்புக்கு எட்டு எழுத்தும் மூன்றெழுத்துப் பின்னொட்டும் கொண்ட சிறு பெயரும் நீண்ட பெயரும் சேர்த்து வைப்பதுதான் அந்தக் காப்புரிமையின் மையம். டிரிட்ஜெல் லினக்ஸுக்கு ஒரு திருத்தம் எழுதினார்: நீண்ட பெயர் வேண்டுமென்றால் சிறு பெயரை உருவாக்கவே மாட்டோம். சிறு பெயருக்கான 11 பைட்டில் செல்லாத குப்பை. ஒரே குப்பையை இரண்டு கோப்புக்கு வைத்தால் விண்டோஸ் எக்ஸ்பி நீலத்திரைக்குப் போய்விடலாம் என்பதால் அந்தக் குப்பையும் ஒவ்வொன்றுக்கும் வேறாக இருக்க வேண்டியிருந்தது. ஒரு நிறுவனத்தின் உரிமையைச் சுற்றிப்போக நல்ல நிரலாளர்கள் இப்படி உழைக்க வேண்டியிருப்பதில் எந்தப் புதுமை ஊக்குவிக்கப்படுகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பதிப்புரிமை இந்த இடத்தில் ஓரளவு தெளிவாகிவிட்டது. நிரலின் செயல்பாடும் தரவுக் கோப்பின் வடிவமும் பதிப்புரிமைக்குள் வராது, உரிமம் வாங்கியவர் நிரலை ஓட்டிப் பார்த்து அதன் கருத்துகளைக் கற்பதை ஒப்பந்தத்தால் தடுக்க முடியாது என்று சாஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழக்கில் 2012 மே 2 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அமெரிக்கா நழுவியது. ஜாவாவின் 37 தொகுப்புகளிலிருந்து கூகுள் எடுத்த சுமார் 11,500 அறிவிப்பு வரிகள் நியாயமான பயன்பாடு என்று 2021-ல் 6-க்கு 2 என உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இடைமுகத்துக்குப் பதிப்புரிமை உண்டா என்ற கேள்வியைத் தொடவில்லை. இந்தியச் சட்டம் இதில் வியக்கத்தக்க அளவு நேரடியானது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏபி) பிரிவு, 1999 திருத்தத்தில் வந்தது: தனியாக எழுதிய நிரல் இன்னொன்றோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்கு, நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் செய்யும் எதுவும் மீறல் அல்ல, தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காதிருந்தால் போதும். காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) கணினி நிரலை அது நிரல் என்ற அளவில் ஒதுக்கிவைக்கிறது. 2004 டிசம்பர் அவசரச் சட்டம் இதைத் தளர்த்தப் பார்த்தது, 2005-ல் நாடாளுமன்றம் அந்தப் பகுதியை எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் மென்பொருள் காப்புரிமை வரைவை 648-க்கு 14 என்று தள்ளியது.

ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தைப் படித்தால் எழுதியவர்கள் பழைய வழக்கின் கோப்புகளை மேசையில் வைத்திருந்தது தெரிகிறது. இயங்குதளத்தின் வசதிகளோடு இணைய மற்றவர்களுக்கு வழி தர வேண்டும் என்னும் 6(7) பிரிவு 'நியாயமான கட்டணத்தில்' என்று சொல்லவில்லை, இலவசமாக என்கிறது. 7-ஆம் பிரிவு, வாட்ஸ்ஆப் போன்றவை கேட்கும் போட்டிச் செயலிகளோடு இணைய வேண்டும் என்கிறது: இருவர் பேசும் செய்திகள் முதலில், குழு உரையாடல் இரண்டு ஆண்டுக்குள், குரல் மற்றும் காணொளி அழைப்புகள் நான்கு ஆண்டுக்குள், மறையாக்கத்தின் வலிமை குறையாமல். 2025 மார்ச் 19 அன்று ஆணையம் ஆப்பிளுக்கு இன்னும் நுணுக்கமாக எழுதிக் கொடுத்தது. ஐபோன் தன் கடிகாரத்தோடும் செவிப்பொறியோடும் பேசும் வழிகளில் எவற்றை மற்றவர் கருவிகளுக்கும் திறக்க வேண்டும், ஆவணத்தை எப்படித் தர வேண்டும், நிரலாளர் கோரிக்கைக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம். பயனர்களின் தனியுரிமையும் எங்கள் புதுமையும் கெடும் என்று சொல்லி ஆப்பிள் அதை எதிர்த்து அதே லக்ஸம்பர்க் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.